எல்லையைத் தாண்டினால் எது மாறும், எது மாறாது?

கேள்வி இது: "கொழிஞ்சாம்பாறையில் இருந்து கேரள பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கிறேன், தமிழ் மீடியம். கூட்டாட்சி, ஒற்றையாட்சி, பாராளுமன்ற முறை, அதிபர் முறை, அடிப்படைக் கட்டமைப்பு என்று மனப்பாடம் செய்வதெல்லாம் இரண்டே நாளில் மறந்துவிடுகிறது. இந்தியா கூட்டாட்சியா இல்லையா என்பதற்கே ஒவ்வொரு கைடிலும் ஒவ்வொரு பதில் இருக்கிறது. புரிகிற மாதிரி யாராவது சொல்வீர்களா?"

அம்மிணி, புத்தகத்தை மூடி வைத்துவிட்டு முதலில் ஒரு தென்னை மரத்தைப் பார்ப்போம்.

என் தோப்பு கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம், கேரளத்தின் சித்தூர் தாலுக்காவில் இருக்கிறது. மச்சான் தோப்பு அந்தப் பக்கம், பொள்ளாச்சி தாலுக்காவில். மண் ஒன்று, கன்றும் ஒரே இடத்தில் வாங்கியது. என் மரத்தில் லைசென்ஸ் உள்ள ஆள் ஏறிப் பாளை சீவிக் கள் இறக்கலாம், அது கள்ளுஷாப்புக்குப் போகும். கேரளத்தின் பல மாவட்டங்களில் விற்கிற கள்ளே எங்கள் சித்தூர்ப் பக்கத்துத் தோப்புகளில் இருந்து போவதுதான். மச்சான் மரத்தில் அதே ஆள் அதே முட்டியைக் கட்டினால் கேஸ். தமிழ்நாட்டில் 1987-இல் இருந்து கள் இறக்கத் தடை. மச்சானுக்கு இந்த வயிற்றெரிச்சல் இன்னும் தீரவில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் வந்து என் மரங்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டுப் போவார்.

ஒரே நாடு, ஒரே அரசியலமைப்பு, அப்புறம் எப்படி இது? அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் மூன்று பட்டியல் இருக்கிறது அல்லவா, மத்தியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் என்று? அதில் மாநிலப் பட்டியலின் 8-வது இனம் போதை தரும் மதுவகை. அதில் சட்டம் போடுவது மாநிலத்தின் வேலை. திருவனந்தபுரம் ஒரு மாதிரி முடிவெடுத்தது, சென்னை வேறு மாதிரி முடிவெடுத்தது. டெல்லியைக் கேட்க வேண்டியதில்லை. இன்னொன்றும் சொல்கிறேன், தேர்வுக்கு உதவாது, ஆனால் ருசியான விஷயம். கேரளத்தின் அப்காரிச் சட்டம், அதாவது மதுச் சட்டம், கொல்லம் ஆண்டு 1077-இல் கொச்சி ராஜ்யத்தில் வந்தது. கேரளம் என்ற மாநிலம் பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னால் ஒரு ராஜா போட்ட சட்டம், திருத்தங்களோடு இன்னும் என் மரத்தை ஆள்கிறது.

ஆக, கூட்டாட்சி என்றால் இதுதான். ஒரே ஊர்க்காரர்கள் மீது இரண்டு அரசுகள் ஆளுக்குக் கொஞ்சம் அதிகாரத்தோடு இருக்கும். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்பது எழுதி வைக்கப்பட்டிருக்கும், ஒருவர் நினைத்த மாத்திரத்தில் இன்னொருவருடையதைப் பிடுங்க முடியாது. ஒற்றையாட்சியில் எல்லா அதிகாரமும் நடுவில் இருக்கும். கீழே இருப்பவர்களுக்குக் கொடுத்ததைத் திரும்பவும் வாங்கிக்கொள்ளலாம்.

லாட்டரியைப் பாருங்கள். அந்தக் கேள்வி கொஞ்சம் தந்திரமாகத் தேர்வில் வரும். கேரளத்தில் அரசே சீட்டு அடித்து விற்கிறது. எல்லையில் உள்ள வாளையாறில் பஸ் நின்றால் கையில் சீட்டுக் கட்டோடு வருவார்கள். தமிழ்நாட்டில் 2003-இல் இருந்து லாட்டரிக்குத் தடை. அப்படியானால் லாட்டரி மாநிலப் பட்டியலா? இல்லை. அரசுகள் நடத்தும் லாட்டரி மத்தியப் பட்டியலின் 40-வது இனம். பாராளுமன்றம் 1998-இல் ஒரு சட்டம் போட்டு, வேறு மாநில லாட்டரியைத் தன் எல்லைக்குள் விற்கக்கூடாது என்று தடுக்கும் உரிமையை மாநிலங்களுக்குக் கொடுத்தது. கள் விஷயத்தில் அதிகாரம் மாநிலத்தின் சொந்தச் சொத்து, லாட்டரியில் மேலே இருந்து கொடுத்தது. இரண்டு விஷயத்திலும் மாநிலம் தடுக்கிறது, ஆனால் அதிகாரம் வந்த வழி வேறு. இந்த வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் பட்டியல்களில் பாதி முடிந்தது.

ஜி.எஸ்.டி. பற்றிக் கொஞ்சம். 2017 ஜூலை 1 வரை வாளையாறில் லாரிகள் நிற்கும் வரிசையைப் பார்த்திருப்பீர்கள், அல்லது வீட்டில் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். டிரைவர்கள் அடுப்பு மூட்டிச் சோறாக்கிச் சாப்பிட்டு, தூங்கி எழுந்து, மறுநாள் நகர்வார்கள். விற்பனை வரி மாநிலத்தின் கையில் இருந்ததால் ஒவ்வொரு எல்லையும் ஒரு சுங்கச்சாவடிதான். 101-வது திருத்தம் வந்து அதை ஒழித்தது. இப்போது வரி விகிதத்தைப் பரிந்துரைப்பது ஜி.எஸ்.டி. கவுன்சில். அதில் மத்திய அரசின் ஓட்டுக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பு, எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு. தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று பங்கு வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். எல்லா மாநிலமும் ஒன்று சேர்ந்தாலும் மத்திய அரசு இல்லாமல் எதுவும் ஓடாது. மத்திய அரசு தனியாகவும் எதையும் செய்ய முடியாது. குடிக்கும் மது ஜி.எஸ்.டி.க்கு வெளியே. பெட்ரோலும் இதுவரை உள்ளே வரவில்லை. அதனால்தான் எங்கள் ஊர் பைக்குகள் பெட்ரோல் போட அந்தப் பக்கம் போகின்றன.

சரி, மாறாதது எது? நீங்கள் கொழிஞ்சாம்பாறையில் பஸ் ஏறிப் பொள்ளாச்சியில் இறங்கும்போது உங்கள் குடியுரிமை மாறுவதில்லை. அமெரிக்காவில் மாநிலக் குடியுரிமை என்று ஒன்று தனியாக உண்டு. இங்கே ஒன்றே ஒன்றுதான். 19-வது பிரிவின்படி நாட்டில் எங்கேயும் போகலாம், எங்கேயும் குடியிருக்கலாம். 2020 மே மாதம் கொரோனா ஊரடங்கில் பாஸ் இல்லாமல் வாளையாறில் மாட்டிக்கொண்டவர்கள் இந்த உரிமை எவ்வளவு பெரியது என்று அன்றைக்குத்தான் உணர்ந்தார்கள். பொது நலன் கருதி நியாயமான கட்டுப்பாடு போடலாம் என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது. திருட்டுக்குத் தண்டனை இரண்டு பக்கமும் ஒன்று, ஏனென்றால் குற்றவியல் சட்டம் பொதுப் பட்டியல். ஆனால் திருடனைப் பிடிக்கும் போலீஸ் மாநிலப் பட்டியல். ஹைகோர்ட் இரண்டு, சுப்ரீம் கோர்ட் ஒன்று.

மாறாது என்று நினைத்து ஏமாறுகிற ஒரு விஷயமும் இருக்கிறது, சாதிச் சான்றிதழ். 341-வது பிரிவின்படி பட்டியல் சாதி எது என்று ஜனாதிபதி ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனியாக அறிவிக்கிறார். அந்தப் பக்கம் பட்டியல் சாதியாக இருப்பவர் இந்தப் பக்கம் வந்து குடியேறினால் இங்கே அந்தச் சலுகை தானாக வராது என்று சுப்ரீம் கோர்ட் 1990-இலேயே சொல்லிவிட்டது. தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் அதிகம் உள்ள தேவிகுளம், பீர்மேடு பக்கத்தில் இது புத்தக விஷயம் இல்லை. தாத்தா எந்த வருஷம் மலை ஏறினார் என்பதற்குக் காகிதம் தேடி அலைகிற விஷயம்.

இப்போது உங்கள் முக்கியமான கேள்வி, இந்தியா கூட்டாட்சியா? எனக்குக் கேட்டால், எங்கள் எல்லைக் கல்லைப் போட்டது யார் என்பதில் பதில் இருக்கிறது.

எங்கள் அப்பா பிறந்தது கொச்சி ராஜ்யத்தில். இந்தச் சித்தூர் தாலுக்கா கொச்சி ராஜாவின் தனித்துண்டாக இருந்தது. சுற்றிலும் சென்னை மாகாணத்தின் மலபாரும் கோயம்புத்தூர் ஜில்லாவும். பாலக்காடு டவுனுக்குப் போவதே அன்றைக்கு வேறு அரசாங்கத்துக்குப் போவது. 1949 ஜூலை 1-இல் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலமானது. 1956 நவம்பர் 1-இல் கேரளமானது. அப்பா வீட்டை விட்டு எங்கும் போகவில்லை, வீடு மட்டும் மூன்று பெயர்களின் கீழ் வந்தது. அதே 1956 நவம்பர் 1-இல்தான் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுக்காக்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் அங்கிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேட்டும் வரவில்லை.

வடக்கே ஆந்திர எல்லையிலும் இதே கதை. (அங்கேயும் ஒரு சித்தூர் இருக்கிறது, குழப்பிக்கொள்ளாதீர்கள்.) 1953 அக்டோபர் 1-இல் ஆந்திரம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் போய்விட்டது. ம.பொ.சி. போராட்டம், எல்லைத் தகராறில் நடுவராக இருந்த படாஸ்கரின் தீர்ப்பு, அப்புறம் பாராளுமன்றம் 1959-இல் போட்ட எல்லை மாற்றச் சட்டம். 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி திரும்பி வந்தது. பதிலுக்குப் பொன்னேரி, திருவள்ளூர் பக்கத்துக் கிராமங்கள் சில அந்தப் பக்கம் போயின.

இதையெல்லாம் செய்தது பாராளுமன்றம். 3-வது பிரிவு அதற்கு அந்த அதிகாரத்தைத் தருகிறது. புது மாநிலம் உண்டாக்கலாம், எல்லையை மாற்றலாம், பெயரைக்கூட மாற்றலாம். மசோதாவை ஜனாதிபதி பரிந்துரைக்க வேண்டும், சம்பந்தப்பட்ட சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்க வேண்டும். கருத்துத்தான், சம்மதம் இல்லை. 2014 ஜனவரியில் ஆந்திர சட்டமன்றம் பிரிவினை மசோதாவை நிராகரித்தது. பிப்ரவரியில் பாராளுமன்றம் அதை நிறைவேற்றியது. ஜூன் 2-இல் தெலங்கானா பிறந்தது. அதுவும் சாதாரணப் பெரும்பான்மை போதும். 4-வது பிரிவு, இது அரசியலமைப்புத் திருத்தமாகவே கருதப்படாது என்கிறது. அமெரிக்காவில் ஒரு மாநிலத்தை அதன் சட்டமன்றத்தின் சம்மதம் இல்லாமல் பிரிக்க முடியாது. பெயர் விஷயமும் அப்படித்தான். சென்னை மாநிலத்தைத் தமிழ்நாடு ஆக்க 1967 ஜூலையில் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. பாராளுமன்றம் சட்டம் போட்டு 1969 ஜனவரி 14-இல்தான் அது நடந்தது. கேரள சட்டமன்றம் 2024-இல் 'கேரளம்' என்று பெயர் மாற்றச் சொல்லித் தீர்மானம் போட்டதும் ஒரு விண்ணப்பம்தான்.

ஆகவே கைடுகள் ஆளுக்கொரு பதில் சொல்வதில் ஆச்சரியம் இல்லை. 1-வது பிரிவு 'மாநிலங்களின் ஒன்றியம்' என்கிறது, கூட்டாட்சி என்ற சொல்லே அங்கே இல்லை. மாநிலம் உயிரோடு இருக்கும்வரை அதன் அதிகாரம் நிஜம், என் மரத்துக் கள் அதற்குச் சாட்சி. ஆனால் அந்த மாநிலத்தின் எல்லை அதன் கையில் இல்லை, இந்தக் கல் அதற்குச் சாட்சி. 'ஒன்றியப் பக்கம் சாய்ந்த கூட்டாட்சி' என்று எழுதுங்கள், இரண்டு பக்கமும் ஓர் உதாரணம் கொடுங்கள். 'அரைக் கூட்டாட்சி' என்று எழுதினாலும் மதிப்பெண் வரும். எனக்கு அந்த வார்த்தை பிடிக்காது, ஏதோ வேகாத சோறு மாதிரி இருக்கிறது.

சாய்வு எவ்வளவு என்பதற்கு 356-வது பிரிவு, மாநில ஆட்சியைக் கலைத்து ஜனாதிபதி ஆட்சி கொண்டுவர வழி செய்வது. 1957 ஏப்ரல் 5-இல் பதவியேற்ற, கேரளத்தின் முதல் முதலமைச்சர் இ.எம்.எஸ்.ஸின் அமைச்சரவை 1959 ஜூலை 31-இல் கலைக்கப்பட்டது. சட்டமன்றத்தில் அதற்குப் பெரும்பான்மை இருந்தது. தமிழ்நாட்டில் 1976-இலும் 1991-இலும் இதே நடந்தது. 1994-இல், பதவி இழந்த கர்நாடக முதலமைச்சர் எஸ்.ஆர். பொம்மையின் வழக்கில் தீர்ப்பு வந்த பிறகுதான் இந்தக் கை கொஞ்சம் கட்டப்பட்டது. பெரும்பான்மை இருக்கிறதா என்பதை ஆளுநர் மாளிகையில் முடிவு செய்யக்கூடாது, சபையில் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு சொன்னது. ஆளுநரைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும். 2023-இல் இந்த இரண்டு மாநிலங்களுமே, மசோதாக்களைக் கிடப்பில் போடுகிறார் என்று தங்கள் ஆளுநர் மேல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயின என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, பாராளுமன்ற முறைக்கும் அதிபர் முறைக்கும் வித்தியாசம். இங்கிலாந்து, அமெரிக்கா என்று எல்லாரும் சொல்வார்கள். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். பஞ்சாயத்து ஆபீஸ் போதும்.

எங்கள் பக்கம் பஞ்சாயத்துத் தேர்தலில் நீங்கள் ஓட்டுப் போடுவது வார்டு மெம்பருக்கு. பிரசிடென்ட் யார் என்று ஓட்டுச் சீட்டில் இருக்காது. மெம்பர்கள் கூடித் தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த மெம்பர்களில் பெரும்பான்மையினர் நம்பிக்கை இல்லை என்று தீர்மானம் நிறைவேற்றினால் பிரசிடென்ட் நாற்காலியை விட்டு இறங்க வேண்டியதுதான். இதுதான் பாராளுமன்ற முறையின் முழு ரகசியமும். ஆள்கிறவர் சபைக்குள் இருந்து வருகிறார், சபையின் நம்பிக்கை இருக்கும்வரை இருக்கிறார். முதலமைச்சரும் பிரதமரும் இப்படித்தான். 164-வது பிரிவில் 'அமைச்சரவை சட்டமன்றத்துக்குக் கூட்டாகப் பொறுப்பு' என்று வருகிறதே, அதன் அர்த்தம் இது.

மச்சான் ஊரில் அப்படி இல்லை. அங்கே கிராமப் பஞ்சாயத்துத் தலைவருக்கு மக்களே நேரடியாக ஓட்டுப் போடுகிறார்கள். வார்டு உறுப்பினருக்குத் தனி ஓட்டு. இரண்டு பதவிக்கும் கட்சிச் சின்னம் கிடையாது, பூட்டு சாவி, ஆட்டோ மாதிரிச் சுயேச்சைச் சின்னங்கள்தான். இங்கே கேரளத்தில் வார்டு தேர்தலிலேயே கட்சிக் கொடி பறக்கும். அங்கே எல்லா உறுப்பினர்களும் தலைவருக்கு எதிராகத் திரும்பினாலும் அவர்களாக ஓட்டுப் போட்டு அவரை இறக்கிவிட முடியாது. புகார் போனால் கலெக்டர் விளக்கம் கேட்பார், தாசில்தார் வந்து கூட்டம் போட்டு உறுப்பினர்கள் கருத்தைக் கேட்டு எழுதிக் கொடுப்பார், அப்புறம் கலெக்டர் முடிவெடுப்பார். ஆள்கிறவர் மக்களிடமிருந்து நேராக வருகிறார், சபை அவரை நினைத்தபோது கவிழ்க்க முடியாது. இது அதிபர் முறையின் சாயல். அப்படியே அதிபர் முறை என்று சொல்லிவிடாதீர்கள். அமெரிக்க அதிபரை நீக்குவதும் அங்கே காங்கிரஸ் எனப்படும் அவர்கள் பாராளுமன்றத்தின் வேலைதான், எந்தக் கலெக்டரும் கிடையாது. மச்சான் ஊரில் கடைசி வார்த்தை ஓர் அதிகாரியிடம் இருப்பது எனக்கு உறுத்துகிறது, அது வேறு விஷயம்.

எது நல்லது? இரண்டையும் பக்கத்தில் இருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். எங்கள் பக்கம் மெம்பர்கள் அணி மாறி, ஐந்து வருடத்தில் இரண்டு மூன்று பிரசிடென்ட் மாறிய பஞ்சாயத்துகள் உண்டு. ஒருவர் போட்ட ரோட்டுத் திட்டத்தை அடுத்தவர் தொட மாட்டார். மச்சான் ஊரில் ஒருமுறை தலைவருக்கும் துணைத் தலைவருக்கும் முட்டிக்கொண்டது. அங்கே செக்கில் இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும். எட்டு மாதம் குழாய் ரிப்பேருக்குக்கூடப் பணம் எடுக்க முடியவில்லை, யாரையும் இறக்கவும் முடியவில்லை. நிலையற்ற ஆட்சி ஒரு பக்கம், முட்டுக்கட்டை ஒரு பக்கம். உலகத்தில் இந்த இரண்டு முறைகள் பற்றி நடக்கிற வாதம் எல்லாம் கடைசியில் இதுதான்.

இரண்டு மாநிலத்திலும் வேறு வேறாக இருக்க எப்படி அனுமதி? 1993 ஏப்ரல் 24-இல் அமலுக்கு வந்த 73-வது திருத்தம், கிராம அளவில் தலைவரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதை மாநிலச் சட்டத்துக்கே விட்டுவிட்டது. ஐந்து வருடத்துக்குள் தேர்தல் நடத்தியே ஆக வேண்டும் என்பதை மட்டும் விடவில்லை. அப்படி இருந்தும் தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்து 2019 டிசம்பர் வரை ஊராட்சித் தேர்தல் நடக்கவில்லை, தனி அலுவலர்கள்தான் ஆண்டார்கள். அரசியலமைப்பில் எழுதியிருப்பது தானாக நடந்துவிடும் என்று நினைப்பவர்களிடம் நான் சொல்கிற உதாரணம் இது.

அதிகாரப் பிரிவினைக்கு முல்லைப் பெரியாறு. யார் பக்கம் நியாயம் என்று என்னைக் கேட்காதீர்கள், சம்பந்தி வீடு கம்பத்தில் இருக்கிறது. 1886-இல் 999 வருடக் குத்தகை. 2006 பிப்ரவரி 27-இல் சுப்ரீம் கோர்ட் 142 அடி வரை தண்ணீர் தேக்கலாம் என்றது. அடுத்த மாதமே கேரள சட்டமன்றம் ஒரு சட்டத் திருத்தம் போட்டு 136 அடிக்கு மேல் கூடாது என்றது. தமிழ்நாடு 131-வது பிரிவின் கீழ் நேராக சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. இரண்டு மாநிலங்களுக்குள் வழக்கு என்றால் கீழ்க்கோர்ட்டு கிடையாது, முதல் வாசலே அதுதான். 2014 மே 7-இல் ஐந்து நீதிபதிகள் அந்தத் திருத்தம் செல்லாது என்றார்கள். காரணத்தைக் கவனியுங்கள். சட்டமன்றம் சட்டத்தை மாற்றலாம், ஆனால் இரண்டு தரப்புக்கு நடுவில் கோர்ட் உண்மைகளை ஆராய்ந்து கொடுத்த தீர்ப்பை ஒரு சட்டம் போட்டு ரத்து செய்ய முடியாது. அது நீதிபதியின் வேலையைச் சட்டமன்றம் செய்வது. 'சட்டமன்றம், நிர்வாகம், நீதித்துறை மூன்றும் தனித்தனி' என்ற வரியைவிட இந்த வழக்கு மனதில் நிற்கும்.

தண்ணீர் என்றாலே சண்டை என்றும் நினைக்க வேண்டாம். நம் சித்தூர்ப் புழையில் ஓடுகிற தண்ணீர் 1970 மே 29-இல் இரண்டு மாநிலங்களும் கையெழுத்திட்ட பரம்பிக்குளம் - ஆழியாறு ஒப்பந்தத்தின்படி வருவது. மணக்கடவு அணைக்கட்டில் ஜூலை 1 முதல் ஜூன் 30 வரையிலான கணக்கில் 7.25 டி.எம்.சி. கேரளத்துக்கு. பரம்பிக்குளம் அணை இருப்பது கேரள மண்ணில், ஷட்டரைத் திறப்பது தமிழ்நாட்டு இன்ஜினியர். தண்ணீர் மாநிலப் பட்டியல், ஆனால் பல மாநிலங்களில் ஓடும் ஆறு என்றால் மத்தியப் பட்டியலின் 56-வது இனத்துக்குக் கட்டுப்பட்டது. இங்கே அதைத் தொடாமல் இரண்டு மாநிலமும் பேசியே ஓட்டுகின்றன. கோடையில் தண்ணீர் குறைந்தால் இரண்டு பக்கமும் விவசாயிகள் ரோட்டில் உட்காருவார்கள், அதுவும் உண்டு.

அடிப்படைக் கட்டமைப்புக்கு இன்னொரு எல்லைக்குப் போக வேண்டும், காசர்கோட்டுக்கு. அங்கே எடநீர் மடம். கன்னட உலகத்தைச் சேர்ந்த மடம், இருப்பது கேரளத்தில். கேரள நிலச் சீர்திருத்தச் சட்டம் மடத்தின் நிலத்தைத் தொட்டபோது மடாதிபதி கேசவானந்த பாரதி 1970-இல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். வழக்கு நடக்கும்போதே பாராளுமன்றம் அரசியலமைப்பைத் திருத்தி அந்தச் சட்டங்களுக்குப் பாதுகாப்புக் கொடுத்தது. எனவே கேள்வி நிலத்தை விட்டுவிட்டு வேறாகிவிட்டது. பாராளுமன்றம் அரசியலமைப்பில் எதை வேண்டுமானாலும் மாற்றலாமா? 13 நீதிபதிகள், 68 நாள் வாதம். 1973 ஏப்ரல் 24-இல் ஏழுக்கு ஆறு என்று தீர்ப்பு: திருத்தலாம், ஆனால் அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்க முடியாது. வீட்டுக்குச் சுவரை இடித்துக் கட்டலாம், ஜன்னல் வைக்கலாம், அஸ்திவாரத்தைத் தோண்டினால் அது ரிப்பேர் இல்லை. அரசியலமைப்பின் மேலாண்மை, மக்களாட்சி, மதச்சார்பின்மை, அதிகாரப் பிரிவினை, கூட்டாட்சித் தன்மை என்று அன்றைக்கே தலைமை நீதிபதி சிக்ரி சிலவற்றை எண்ணினார். பின்னால் வந்த வழக்குகள் அந்த வரிசையை நீட்டின. ஒருபோதும் முழுப் பட்டியல் என்று ஒன்று போடப்படவில்லை, தேர்வில் 'முழுப் பட்டியல்' என்று ஆப்ஷன் வந்தால் தாண்டிப் போங்கள். மடாதிபதிக்கு நிலப் பாதுகாப்பு கிடைக்கவில்லை, பெயர் மட்டும் சட்டக் கல்லூரிகள் எல்லாவற்றிலும் நிலைத்துவிட்டது. அந்த ஏப்ரல் 24 தேதியையும் பஞ்சாயத்துத் திருத்தத்தின் ஏப்ரல் 24-ஐயும் சேர்த்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், சரியாக 20 வருட இடைவெளி.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. ஆனால் நமக்கு இதுதான் நேரடிப் பாடம்.

மொழிவாரியாகக் கோடு போட்டவர்களுக்குத் தெரியும், எப்படிப் போட்டாலும் கொஞ்சம் பேர் அந்தப் பக்கம் தங்கிவிடுவார்கள் என்று. அதனால் 1956-இல் மாநிலங்களைப் பிரித்தபோதே ஏழாவது திருத்தத்தில் இரண்டு பிரிவுகளைச் சேர்த்தார்கள். 350ஏ, ஆரம்பப் பள்ளியில் தாய்மொழியில் படிக்க வசதி. 350பி, மொழிச் சிறுபான்மையினருக்கு ஒரு தனி அதிகாரி. மொழி, சிறுபான்மை உரிமைகளைச் சொல்லும் 29, 30, 350 பிரிவுகள் ஆரம்பத்திலேயே இருந்தன. கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும், சிறுபான்மைப் பகுதி என்று அறிவித்த இடங்களில் உள்ள அலுவலகங்களுக்கும் தங்கள் மொழியிலேயே எழுதலாம். பதிலும் அதே மொழியில் வர வேண்டும். உங்கள் பி.எஸ்.சி. வினாத்தாள் தமிழிலும் கிடைப்பது இந்த வரிசையில் வருவதுதான்.

சட்டமன்றத்திலும் 210-வது பிரிவின்படி சபாநாயகர் அனுமதித்தால் தாய்மொழியில் பேசலாம். 2021 மே மாதம் தேவிகுளம் உறுப்பினர் ஆ. ராஜா திருவனந்தபுரத்தில் தமிழில் உறுதிமொழி எடுத்தார். அந்தத் தமிழ் வாசகத்தில் 'கடவுள் பெயரால்' என்பதும் இல்லை, 'உளமார' என்பதும் இல்லை, மொழிபெயர்த்த இடத்தில் விட்டுப்போயிருந்தது. மூன்றாவது அட்டவணை அந்த இரண்டில் ஒன்றைக் கட்டாயம் கேட்கிறது. ஜூன் 2-இல் அவர் மறுபடியும் உறுதிமொழி எடுக்க வேண்டியதாயிற்று. உறுதிமொழி எடுக்காமல் சபையில் உட்கார்ந்தால் நாளுக்கு 500 ரூபாய் அபராதம் என்று 193-வது பிரிவு சொல்கிறது.

நானும் இந்தச் சட்டத்தை ஒருமுறை சோதித்துப் பார்த்தேன். வாய்க்கால் ஆக்கிரமிப்பு பற்றித் தமிழில் ஒரு மனு எழுதி ஓர் ஆபீஸில் கொடுத்தேன். கவுண்டரில் இருந்தவர் 'மலையாளத்தில் எழுதிக்கொண்டு வாங்க சாரே' என்று திருப்பிக் கொடுத்தார். 1969 சட்டத்தின் 3-வது பிரிவை ஜெராக்ஸ் எடுத்து மனுவோடு பின் அடித்து மறுநாள் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், ரசீதும் கொடுத்தார். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது, மலையாளத்தில். அதையும் பின் அடித்து இன்னொரு மனு போட்டேன். இரண்டாவது பதில் தமிழில் வந்தது. 'வாய்க்கால்' என்ற சொல்லை எல்லா இடத்திலும் 'வாக்கியல்' என்று அடித்திருந்தார்கள். அளக்க சர்வேயர் வருகிற தேதி மட்டும் சரியாக இருந்தது, அந்தத் தேதியில் வந்தும்விட்டார்.